பெர்முடா முக்கோணம்: ஒரு கடற்புதிரின் உருவாக்கமும் மூலச் சான்றுகளும்

ஆய்வுச்சுருக்கம்

மேற்கு அட்லாண்டிக் பெருங்கடலில் மயாமி, பெர்முடா, சான் ஹுவான் ஆகிய மூன்று புள்ளிகளை இணைத்து வரையப்படும் கற்பனைப் பரப்பில் கப்பல்களும் வானூர்திகளும் இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றலால் மறைகின்றன என்னும் நம்பிக்கை உலகெங்கும் பரவியுள்ளது. இந்நம்பிக்கை 1950ஆம் ஆண்டு தொடங்கி இதழ்களிலும் நூல்களிலும் படிப்படியாக உருவாக்கப்பட்ட ஓர் எழுத்துமரபு என்பதையும், விடுபடல், இடமாற்றம், இடைச்செருகல் ஆகிய மூன்று வழிகளில் மூலச் செய்திகள் அம்மரபில் திரிந்தன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. லாரன்ஸ் டேவிட் குஷே 1975இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. புதிர் என்னும் முத்திரை விபத்துகளின் காரணங்களையும் பொறுப்புகளையும் பொதுநினைவிலிருந்து அகற்றிவிட்டது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பெர்முடா முக்கோணம், மூலச் சான்று, இடைச்செருகல், 19ஆம் வான்பிரிவு, கடல் விபத்து, குஷே.

1. முன்னுரை

கடல் குறித்த அச்சமும் வியப்பும் எல்லாக் கடலோரச் சமூகங்களுக்கும் பொதுவானவை. சென்றவர் திரும்பாத நிலையில், உடலும் கிடைக்காதபோது, கதைகள் தோன்றுவது இயல்பு. ஆனால் பெர்முடா முக்கோணக் கதை அவ்வாறு கடலோர மக்களின் வாய்மொழியில் விளைந்ததன்று. அது எழுதுவோரின் மேசையில் பிறந்தது. அதற்கு ஆசிரியர்கள் உண்டு. வெளியான ஆண்டுகள் உண்டு. ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தாண்ட தடயங்களும் உண்டு. ஆகவே இக்கதையை நாட்டார் வழக்காறாக மட்டும் நோக்காமல், பாட வரலாறு உடைய ஒரு பனுவலாக நோக்குவது பொருத்தமாகும்.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் பிற்காலப் படிகளில் காணப்படும் விடுபாடுகளையும் இடம்பெயர்ந்த அடிகளையும் இடைச்செருகல்களையும் மூலத்துக்கு நெருங்கிய படிகளோடு ஒப்பிட்டுக் களைவர். அம்முறையே இங்கும் பின்பற்றப்படுகிறது. விபத்து நிகழ்ந்த காலத்தின் நாளிதழ்கள், வானிலைப் பதிவுகள், விசாரணைக்குழு அறிக்கைகள் ஆகியவை மூலத்துக்கு நெருங்கியவை. 1950க்குப் பின் எழுந்த மர்ம நூல்கள் பிற்காலப் படிகள். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. கதை உருவான காலநிரல்

1950 செப்டம்பரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் வழி வெளியான, ஈ. வி. டபிள்யூ. ஜோன்ஸ் எழுதிய கட்டுரையே இம்மரபின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. புளோரிடாவுக்கும் பெர்முடாவுக்கும் இடைப்பட்ட கடற்பரப்பில் நிகழ்ந்த சில மறைவுகளை அவர் ஒரே வரிசையில் அடுக்கிக் காட்டினார். 1952 அக்டோபரில் 'ஃபேட்' இதழில் ஜார்ஜ் எக்ஸ். சாண்ட் எழுதிய கட்டுரை, புளோரிடா, பெர்முடா, போர்ட்டோ ரிக்கோ என முக்கோண வடிவத்தை வரையறுத்தது. 1962இல் ஆலன் டபிள்யூ. எக்கர்ட் 'அமெரிக்கன் லீஜன்' இதழில் 19ஆம் வான்பிரிவு பற்றி எழுதினார். 1964 பிப்ரவரியில் 'ஆர்கசி' இதழில் வின்சென்ட் காடிஸ் எழுதிய கட்டுரையின் வழியே 'பெர்முடா முக்கோணம்' என்னும் பெயர் நிலைபெற்றது. 1974இல் வெளியான சார்லஸ் பெர்லிட்ஸின் நூல் பல இலட்சம் படிகள் விற்று அப்பெயரை உலகறியச் செய்தது.

இக்காலநிரலிலிருந்து இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, முக்கோணம் என்னும் கருத்து உருவாவதற்கு முன் நிகழ்ந்த விபத்துகள் பின்னோக்கித் திரட்டப்பட்டு அதனுள் வைக்கப்பட்டன. 1872, 1902, 1918 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் அவை நிகழ்ந்த காலத்தில் எவராலும் ஒரே தொகுதியாகக் கருதப்படவில்லை. இரண்டாவது, எல்லை நிலையானதாக இல்லை. ஆசிரியருக்கு ஆசிரியர் பரப்பளவு மாறுகிறது; சிலரிடம் அது மெக்சிகோ வளைகுடாவையும் அசோர்ஸ் தீவுகளின் அண்மையையும் எட்டுகிறது. அமெரிக்காவின் நிலவியல் பெயர்கள் வாரியம் இப்பெயரை ஏற்கவில்லை. எடுத்துக்காட்டுகளுக்கு ஏற்ப எல்லையை நீட்டிக்கொள்ளும் ஒரு கருதுகோளை எச்சான்றாலும் மறுக்க இயலாது. அதனாலேயே அது ஆய்வுக் கருதுகோளாகும் தகுதியையும் இழக்கிறது.

3. குஷேயின் ஆய்வுமுறை

லாரன்ஸ் டேவிட் குஷே அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் மேற்கோள்பணி நூலகராகப் பணியாற்றியவர். வானூர்தி ஓட்டும் பயிற்சியும் உடையவர். முக்கோணம் பற்றிய செய்திகளை மாணவர்கள் அடிக்கடி கேட்டுவந்தமையால், அது குறித்த நூலடைவு ஒன்றைத் தொகுக்க அவர் முற்பட்டார். அப்பணியின்போது, ஒரே நிகழ்வை நூல்கள் வெவ்வேறு விதமாகக் கூறுவதையும், எந்நூலும் முதன்மைச் சான்றைச் சுட்டாமையையும் கண்டார். அதன் விளைவே 1975இல் வெளியான அவரது நூல்.

குஷே கையாண்ட முறை எளிமையானது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் உரிய நாளைக் கண்டறிதல், அந்நாளையொட்டிய நாளிதழ்களை நுண்படச்சுருளில் படித்தல், இலண்டன் லாயிட்ஸ் நிறுவனத்துக்கும் வானிலை அலுவலகங்களுக்கும் கடிதம் எழுதி விவரம் பெறுதல், கிடைத்தவற்றை மர்ம நூல்களின் கூற்றோடு அருகருகே வைத்தல் ஆகியவையே அம்முறையின் கூறுகள். புதிய கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவருக்கு முன் எழுதியவர்கள் செய்யத் தவறியது நூலகத்துக்குச் செல்வதை மட்டுமே. கவனமற்ற ஆய்வும் தவறான தருக்கமும் பரபரப்பு நாட்டமும் சேர்ந்து உற்பத்தி செய்த புதிர் இது என்பதே குஷேயின் முடிவு.

4. இடமாற்றமும் காலமாற்றமும்

முக்கோணப் பட்டியலில் இடம்பெறும் நிகழ்வுகளுள் சில அப்பரப்பில் நிகழவே இல்லை. ஃப்ரேயா என்னும் ஜெர்மானியப் பாய்மரக் கப்பல் 1902இல் ஆளின்றிக் கண்டெடுக்கப்பட்டது. அது கியூபாவின் மன்சனீயோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டதாக மர்ம நூல்கள் கூறும். ஆனால் அக்கப்பல் புறப்பட்டது மெக்சிகோவின் மேற்குக் கரையிலுள்ள மன்சனீயோவிலிருந்து. இரண்டு துறைமுகங்களுக்கும் பெயர் ஒன்றாக இருந்தமையால் பசிபிக் பெருங்கடலின் விபத்து ஒன்று அட்லாண்டிக்குக்கு இடம்பெயர்ந்தது.

ஜப்பானியச் சரக்குக் கப்பலான ராய்ஃபுக்கு மாரு 1925இல் மூழ்கியது. பகாமாஸுக்கும் கியூபாவுக்கும் இடையே, விளங்காத இடர் ஒன்றைக் குறித்த விந்தையான வானொலிச் செய்தியை அனுப்பியபின் அது மறைந்ததாகக் கூறப்படுகிறது. உண்மையில் அது பாஸ்டனிலிருந்து ஹாம்பர்க் நோக்கிச் சென்றது. வட அட்லாண்டிக்கில், முக்கோணத்துக்கு வெகு வடக்கே, கடும்புயலில் சிக்கியது. அதன் அழைப்பைக் கேட்டு விரைந்த ஹோமரிக் என்னும் பயணிகள் கப்பல் கொந்தளிப்பால் நெருங்க இயலாமல் நின்றது. ராய்ஃபுக்கு மாரு மூழ்குவதை அதிலிருந்தோர் கண்டனர். 38 மாலுமிகளும் இறந்தனர். கண்ணெதிரே மூழ்கிய கப்பல் 'சுவடின்றி மறைந்த' கப்பலாக மாறியது இவ்வெழுத்துமரபின் இயல்பை நன்கு காட்டும்.

1872 டிசம்பரில் ஆளின்றிக் காணப்பட்ட மேரி செலஸ்ட் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே கண்டெடுக்கப்பட்டது. 1,701 பீப்பாய் எரிசாராயத்துடன் சென்ற அக்கப்பலில் கப்பல் தலைவர், அவர் மனைவி, குழந்தை உட்படப் பத்துப் பேர் இருந்தனர். கப்பலின் சிறுபடகு அங்கு இல்லை. அதாவது, அவர்கள் படகில் இறங்கியிருக்கவே வாய்ப்பு மிகுதி. 1884இல் ஆர்தர் கோனன் டாயில் இந்நிகழ்வைத் தழுவிப் புனைகதை ஒன்றை எழுதினார். 'மாரி செலஸ்ட்' என அவர் மாற்றியமைத்த பெயரே பின்னர் பலருடைய வழக்காயிற்று. புனைவு ஆவணத்தின் இடத்தைப் பிடிப்பதற்கு இது முந்தையதொரு சான்று. ஐரோப்பிய, ஆப்பிரிக்கக் கரைகளுக்கு அருகே நிகழ்ந்த இவ்விபத்தும் முக்கோணப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இடத்தைப் போன்றே காலமும் மாற்றப்பட்டுள்ளது. சாண்ட்ரா என்னும் சரக்குக் கப்பல் 1950 ஜூன் மாதத்தில் அமைதியான கடலில் மறைந்ததாக மர்ம நூல்கள் எழுதின. அக்கப்பல் ஜார்ஜியாவின் சவான்னா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது ஏப்ரல் மாதத்தில் என்பதையும், அந்நாட்களில் அதன் வழியில் சூறாவளி வேகத்தை நெருங்கிய காற்று வீசியது என்பதையும் குஷே கண்டறிந்தார். மாதம் மாறியபோது புயலும் கதையிலிருந்து நீங்கிவிட்டது.

5. விடுபட்ட செய்திகள்

இடமாற்றத்தினும் மிகுதியாகக் காணப்படுவது விடுபடல். ஒரு வகையில் அதுவே இம்மரபின் முதன்மை உத்தி. நிகழ்வு உண்மை, இடமும் நாளும் உண்மை, ஆனால் காரணத்தைச் சுட்டும் செய்தி மட்டும் இராது.

1963 பிப்ரவரியில் மரைன் சல்ஃபர் குயின் என்னும் கப்பல் 39 பேருடன் புளோரிடா நீரிணைப் பகுதியில் காணாமற் போனது. டெக்சாஸின் போமான்ட்டிலிருந்து வர்ஜீனியாவின் நார்ஃபோக் நோக்கி, 15,000 டன்னுக்கும் மிகுதியான உருகிய கந்தகத்தை அது ஏற்றிச் சென்றது. மர்ம நூல்களில் இது சுவடின்றி மறைந்த கப்பல். அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விசாரணை அறிக்கையோ உயிர்காப்பு அங்கிகளும் கப்பலின் பிற உடைமைகளும் கடலில் கிடைத்ததைப் பதிவுசெய்கிறது. போர்க்காலத்தில் எண்ணெய்க் கப்பலாகக் கட்டப்பட்ட அது, பின்னர் உருகிய கந்தகத்தை ஏற்றுவதற்காக உட்தடுப்புகள் நீக்கப்பட்டு ஒரே நீண்ட தொட்டியுடன் மாற்றியமைக்கப்பட்டது. வெடிப்பு, உடற்பகுதி முறிதல், கவிழ்தல் ஆகியவற்றை நிகழக்கூடிய காரணங்களாக அறிக்கை எண்ணுகிறது. பின்னர் நடந்த வழக்கில், அக்கப்பல் கடற்பயணத்துக்குத் தகுதியற்ற நிலையில் இருந்தது என நீதிமன்றம் கண்டது. மர்ம நூலைப் படிப்பவர் இவற்றுள் ஒன்றையும் அறியார்.

கோட்டோபாக்ஸி என்னும் நிலக்கரிக் கப்பலின் வரலாறு இன்னும் தெளிவானது. 1925 நவம்பர் 29 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து ஹவானா நோக்கி 32 பேருடன் புறப்பட்ட அக்கப்பல் திரும்பவில்லை. 1977இல் வெளியான 'குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' திரைப்படத்தின் பிற்காலச் சிறப்புப் பதிப்பில், வேற்றுக் கோளினரால் பாலைவனத்தில் விடப்பட்ட கப்பலாக அது காட்டப்பட்டது. ஆனால் டிசம்பர் 1 அன்று, நீர் புகுந்து கப்பல் சாய்கிறது என அது அபாயச் செய்தி அனுப்பியிருந்தது. அந்நாட்களில் புளோரிடாக் கரையைப் புயல் தாக்கியது. மாலுமிகளின் குடும்பத்தார் கப்பல் உடைமை நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், சரக்கறை மூடிகள் பழுதுற்றிருந்தன என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. செயின்ட் அகஸ்டினுக்கு அப்பால் கடலடியில் முக்குளிப்போர் பல்லாண்டுகளாக அறிந்திருந்த சிதைவு ஒன்று, இக்கப்பலே என 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. கடலியல் ஆய்வாளர் மைக்கேல் பார்னெட் கடலடித் தடயங்களையும் ஆவணக்காப்பகச் சான்றுகளையும் இணைத்து அம்முடிவை எட்டினார். புதிராகக் கொள்ளப்பட்ட கப்பல் கடலடியில்தான் இருந்தது. அதற்கான சான்று ஆவணக்காப்பகத்தில் இருந்தது.

6. இடைச்செருகல்: 19ஆம் வான்பிரிவு

முக்கோணக் கதையின் மையம் 1945 டிசம்பர் 5 அன்று நிகழ்ந்த விபத்து. அமெரிக்கக் கடற்படையின் ஐந்து அவெஞ்சர் வானூர்திகள் புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் தளத்திலிருந்து பிற்பகல் 2.10 மணியளவில் வழிகாண் பயிற்சிக்காகப் புறப்பட்டன. மொத்தம் 14 பேர் அவற்றில் இருந்தனர். எவரும் திரும்பவில்லை. தேடச் சென்ற மரைனர் வகை வானூர்தியும் 13 பேருடன் அழிந்தது.

பிற்கால எழுத்துகளில் இந்நிகழ்வு பின்வருமாறு அமைகிறது: தெளிந்த வானம், அனுபவம் மிக்க விமானிகள், திடீரென வெண்ணிற நீரையும் மாறுபட்ட கடலையும் கண்டு அஞ்சிய தலைவரின் வானொலிக் குரல், அதன்பின் பேரமைதி. வெண்ணிற நீர் குறித்த உரையாடல் கடற்படை விசாரணைக்குழுவின் பதிவுகளில் இல்லை. அது 1962இல் எக்கர்ட் எழுதிய கட்டுரையில் தோன்றி, பின்வந்தோரால் சான்றாகவே எடுத்தாளப்பட்டது. பனுவல் ஆய்வாளர் இதனை ஐயமின்றி இடைச்செருகல் என வகைப்படுத்துவர்.

விசாரணைப் பதிவுகள் வேறொரு நிகழ்வைக் காட்டுகின்றன. பயிற்சித் தலைவர் லெப்டினன்ட் சார்லஸ் டெய்லர் போர்க்கள அனுபவம் உடையவர். ஆயினும் மயாமித் தளத்திலிருந்து அண்மையில்தான் இங்கு மாற்றலாகி வந்தவர். மற்ற விமானிகள் பயிற்சி நிலையினர். பிற்பகல் 3.40 மணியளவில், தம் திசைகாட்டிகள் இரண்டும் பழுதுற்றன என்றும், புளோரிடா கீஸ் தீவுத்தொடரின் மேல் தாம் பறப்பதாகக் கருதுவதாகவும் டெய்லர் கூறியது பதிவாகியுள்ளது. மயாமியில் பணியாற்றியபோது அவர் நன்கறிந்திருந்த பகுதி அத்தீவுத்தொடர். உண்மையில் அவருக்குக் கீழே இருந்தவை பகாமாஸ் தீவுகள் எனக் கருதப்படுகிறது. வானிலிருந்து நோக்க இரண்டும் ஒத்த தோற்றமுடையவை.

இப்பிழையிலிருந்து மற்றவை தொடர்ந்தன. கீஸின் மேல் இருப்பதாகக் கருதியவர் நிலத்தை அடைய வடக்கும் கிழக்கும் திரும்புவது இயல்பு. பகாமாஸுக்கு மேல் இருப்பவருக்கு அவ்வழி திறந்த கடலுக்கே இட்டுச்செல்லும். மேற்கே பறந்தால் கரையை அடையலாம் என்னும் கருத்தைப் பயிற்சி விமானி ஒருவர் வெளியிட்டதும் பதிவில் உள்ளது. அவசர அலைவரிசைக்கு மாறும்படி தரைநிலையம் கேட்டபோது, தம் பிரிவினரோடு தொடர்பு அறுந்துவிடும் என அஞ்சி டெய்லர் மறுத்தார். மாலை 6 மணியளவில் வானொலி நிலையங்கள் அவர்களின் ஏறத்தாழ அமைவிடத்தை, புளோரிடாக் கரைக்குக் கிழக்கே, கணித்தன. அச்செய்தி அவர்களைச் சென்றடையவில்லை. கதிரவன் மறைந்துவிட்டது, வானிலை சீர்கெட்டுவிட்டது, எரிபொருள் இரவு 8 மணியளவு வரையே போதுமானது. கொந்தளிக்கும் இருட்கடலில், வெற்று எடையே நான்கரை டன்னுக்கு மிகுந்த வானூர்தியை இறக்குவோர் பிழைப்பது அரிது.

தேடச் சென்ற மரைனர் வானூர்தியின் முடிவும் அறியப்பட்டதே. எரிபொருள் ஆவி கசியும் குறைபாட்டுக்காக அவ்வகை பெயர்பெற்றிருந்தது. இரவு 7.27க்கு அது புறப்பட்டது. 7.50 மணியளவில் கடலில் தீப்பிழம்பு எழுந்ததையும், நீர்மேல் எண்ணெய் பரவியிருந்ததையும் கெயின்ஸ் மில்ஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் அறிவித்தது. பல மர்ம நூல்களில் இக்கப்பலின் பெயரே இல்லை.

இங்கு மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. விசாரணைக்குழு முதலில் டெய்லரின் பிழையையே முதன்மைக் காரணமாகக் கூறியது. மகனின் பெயரைக் காக்கும் நோக்கில் அவர் தாயார் அம்முடிவை எதிர்த்து முறையிட்டார். அதன் விளைவாக 1947இல் காரணம் அறியப்படவில்லை எனப் பதிவு திருத்தப்பட்டது. ஒரு தாயின் முறையீட்டிலிருந்து எழுந்த இத்தொடரைப் பின்வந்தோர் கடற்படையே விளக்க இயலாமல் கைவிட்டதற்கான சான்றாக எடுத்தாண்டனர். மூலச் சான்றைப் படித்தால் மட்டும் போதாது. அச்சான்று உருவான சூழலையும் அறிய வேண்டும் என்னும் பாடம் இதில் அடங்கியுள்ளது.

7. எண்ணிக்கை என்னும் அளவுகோல்

தனித்தனி நிகழ்வுகளுக்கு விளக்கம் கிடைத்தாலும், இப்பகுதியில் விபத்துகள் மிகுதியாக நிகழ்வது ஏன் என்னும் வினா எழுப்பப்படும். மிகுதி என்பது முதலில் நிறுவப்பட வேண்டும். புளோரிடாவின் துறைமுகங்கள், கரிபியன் தீவுகள், மெக்சிகோ வளைகுடா, பனாமாக் கால்வாய் ஆகியவற்றை நோக்கிய பெருவழிகள் இப்பரப்பை ஊடறுக்கின்றன. சிறுபடகுகளும் பொழுதுபோக்குக் கலங்களும் மிகுதி. வெப்பமண்டலப் புயல்கள் கடக்கும் பாதையும் இதுவே. வளைகுடா நீரோட்டம் புளோரிடாக் கரையையொட்டி வடக்கு நோக்கி விரைந்து பாய்வதால் சிதைவுகள் விபத்து நிகழ்ந்த இடத்திலிருந்து விரைவில் விலகிச் செல்லும். பகாமாஸ் மேடைகளின் ஆழங்குறைந்த நீருக்கு அருகிலேயே ஆழ்கடல் தொடங்குகிறது. இத்தகைய கடலில் விபத்தே நிகழாமல் இருந்தால்தான் அது வியப்புக்குரியதாகும்.

1975இல் 'ஃபேட்' இதழின் ஆசிரியர் இலண்டன் லாயிட்ஸ் நிறுவனத்திடம் விவரம் கேட்டார். 1955 முதல் 1975 வரை உலகெங்கும் 428 கப்பல்கள் காணாமற் போனதாகப் பதிவாகியுள்ளது என்றும், பிற கடற்பகுதிகளைக் காட்டிலும் முக்கோணப் பரப்பில் அவை மிகுந்திருப்பதற்குச் சான்றில்லை என்றும் அந்நிறுவனம் விடையளித்தது. முக்கோணக் கருத்தைத் தொடக்கத்தில் பரப்பிய இதழே இவ்விடையையும் பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. கப்பல்களின் இழப்பைப் பணமாகக் கணக்கிடும் காப்பீட்டுத் துறைக்கு மெய்யான இடர்ப்பகுதி ஒன்று தெரியாமல் போகும் வாய்ப்பு இல்லை.

8. விளங்காதவையும் வேண்டாத விளக்கங்களும்

எல்லா நிகழ்வுகளுக்கும் முழுவிளக்கம் கிடைத்துவிட்டது எனக் கூறுவது ஆய்வு நேர்மையாகாது. 1918 மார்ச்சில் பார்படோஸிலிருந்து புறப்பட்ட அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சைக்ளோப்ஸ் 306 பேருடன் மறைந்தது. அதன் சிதைவு இன்றுவரை கண்டறியப்படவில்லை. எனினும் அது 10,000 டன்னுக்கும் மிகுதியான மாங்கனீசுக் கனிமத்தை ஏற்றியிருந்தது. அதன் இயந்திரங்களுள் ஒன்று பழுதுற்றிருந்தது. அது கடக்க வேண்டிய வழியில் புயல் வீசியதை வானிலைப் பதிவுகளிலிருந்து குஷே காட்டினார். 1948 ஜனவரியில் அசோர்ஸிலிருந்து பெர்முடா நோக்கிப் பறந்த ஸ்டார் டைகர் பயணிகள் வானூர்தி 31 பேருடன் மறைந்ததற்கும் உறுதியான காரணம் கிடைக்கவில்லை. கடும் எதிர்காற்றில், தாழ்ந்த உயரத்தில் அது பறந்தது என்பது மட்டும் அறியப்படுகிறது.

காரணம் அறியப்படவில்லை என்பது ஒன்று. காரணம் இயற்கைக்கு அப்பாற்பட்டது என்பது மற்றொன்று. முன்னது சான்றின் எல்லையைக் கூறும் கூற்று. பின்னது அவ்வெல்லைக்கு அப்பால் உள்ளதை அறிந்ததாகக் கூறும் கூற்று. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுவதற்கு வழி எதுவும் இல்லை.

இதே பிழையை அறிவியலின் பெயராலும் செய்ய முடியும். கடலடியிலிருந்து வெளிப்படும் மீத்தேன் வளி, காந்தப்புல மாறுபாடு ஆகியவை முக்கோணப் புதிருக்கு விடைகள் என அவ்வப்போது முன்வைக்கப்படுகின்றன. காந்த வடக்கும் மெய் வடக்கும் ஒன்றும் கோடு ஒரு காலத்தில் இப்பகுதி வழியே சென்றது உண்மை. ஆனால் காந்த ஒதுக்கம் மாலுமிகள் நாள்தோறும் கணக்கில் கொள்ளும் செய்தி. அக்கோட்டில் திருத்தமே தேவைப்படாது. மீத்தேனைப் பொறுத்தவரை, கடந்த 15,000 ஆண்டுகளில் இப்பகுதியில் பெரிய அளவிலான வளி வெளிப்பாடு நிகழவில்லை என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் நிலைப்பாடு. இவ்விளக்கங்களின் அடிப்படைக் குறை வேறு. விளக்கப்பட வேண்டிய மிகுதி உண்டா என ஆராயாமலே அவை விளக்கத் தொடங்குகின்றன. இல்லாத ஒன்றுக்கு இயற்கையான காரணம் கூறுவதும் அதன் இருப்பை உறுதிப்படுத்துவதேயாகும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு. பெர்முடா முக்கோணம் கடலில் கண்டறியப்பட்டதன்று. 1950க்கும் 1974க்கும் இடையே எழுத்தில் கட்டமைக்கப்பட்டது. ஃப்ரேயா, ராய்ஃபுக்கு மாரு, மேரி செலஸ்ட் ஆகியவை இடமாற்றத்தால் அதனுள் புகுந்தன. சாண்ட்ரா காலமாற்றத்தால் புதிராயிற்று. மரைன் சல்ஃபர் குயினும் கோட்டோபாக்ஸியும் விடுபடலால் புதிர்களாயின. 19ஆம் வான்பிரிவின் கதையில் இம்மூன்றனுள் இரண்டு, விடுபடலும் இடைச்செருகலும், ஒன்றுசேர்ந்து காணப்படுகின்றன. ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபாராமல் எடுத்தாண்டமையே இவை அனைத்துக்கும் அடிப்படை. மேற்கோளின் மேற்கோளைச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் மர்ம நூலாசிரியர்க்கு மட்டும் உரியதன்று என்பதை ஆய்வுலகம் அறியும். அதனால் இவ்வரலாறு நமக்கும் உரிய பாடமாகிறது.

இத்தகைய கதைகள் தீங்கற்ற பொழுதுபோக்கு எனக் கருதுவோர் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. பழுதுற்ற சரக்கறை மூடியோடு கடலுக்கு அனுப்பப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கப்பலில் 32 பேர் இருந்தனர். தகுதியற்றது என நீதிமன்றம் கண்ட கப்பலில் 39 பேர் இருந்தனர். அவர்கள் சாவுக்குக் காரணம் கேட்டு அவர்தம் குடும்பத்தார் நீதிமன்றம் சென்றனர். அவ்வினாவுக்கு உரிய விடை கப்பலின் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் பயிற்சி முறையிலும் தேடப்பட வேண்டியது. கடலையே குற்றவாளியாக்கும் கதை அத்தேடலை நிறுத்திவிடுகிறது. பொறுப்புடையோர் கதையிலிருந்து நீங்கிவிடுகின்றனர். இறந்தோர் வெறும் எண்ணிக்கையாகி வியப்புக்குரிய பொருளாகின்றனர். மூலச் சான்றைத் தேடிச் செல்வது இங்கு ஆய்வொழுக்கம் மட்டுமன்று. கடலில் மாண்டவர்க்கு வாழ்வோர் செலுத்த வேண்டிய கடனுமாகும்.